ஆற்றின் தலைமாட்டுக்குப் போகிறவளுக்கு

கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிறேன் என்று சொன்னாய். நல்லது கண்ணு, போய் வா. கடலூரிலும் சிதம்பரத்திலும் பிறந்த நமக்கு மலை என்பது தூரத்துச் சங்கதி. மேடு என்றால் கொள்ளிடக் கரை, உயரம் என்றால் கோயில் கோபுரம், அவ்வளவுதான். அதனால் உனக்குச் சிலவற்றைச் சொல்லி அனுப்பத் தோன்றுகிறது. பாறையில் எப்படிக் கால் வைப்பது, ஓடையை எப்படிக் கடப்பது என்பதையெல்லாம் கூட வருகிற வழிகாட்டி சொல்லிக்கொடுப்பார். உன் பெரியப்பா சொல்ல நினைப்பது பெரும்பாலும் மனசைப் பற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருஷா வருஷம் காட்டுக்குள் கூட்டிப்போய் வந்தவன் நான். கால் பலமில்லாமல் விழுந்தவர்களை விட, பொறுமையில்லாமல் விழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. நீ பார்க்கப் போகும் தண்ணீர் உனக்கு அந்நியமில்லை. அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பலவும் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணைக்கு வருகின்றன. அங்கிருந்து கிளம்பும் கோமுகி ஆறு, வேப்பூர் பக்கத்து நல்லூரில் மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் உன் பாட்டி முழுக்குப் போட்டாளே, அதே மணிமுத்தாறு. அது வெள்ளாற்றில் சேர்ந்து, புவனகிரியைத் தொட்டு, பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போகிறது. மலையின் மறுபக்கம் ஆத்தூர் நோக்கி இறங்கும் தண்ணீரும் வசிஷ்ட நதியாகி, சுவேத நதியோடு கூடி, கடைசியில் இதே வெள்ளாறாகத்தான் நம்மிடம் வருகிறது. ஆற்றின் கால்மாட்டில் வளர்ந்தவள், இப்போது தலைமாட்டுக்குப் போகிறாய். படுத்திருக்கும் பெரியவர்களின் தலைமாட்டில் எப்படி நடந்துகொள்வாயோ அப்படி நடந்துகொள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

2. போவதற்கு ஒரு மாதம் முன்பே நடக்க ஆரம்பி. நம் ஊரில் ஏற மலை இல்லை என்று சாக்குச் சொல்லாதே. வீராணம் ஏரிக்கரை இருக்கிறது. விடியற்காலையில் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கரையோடு நட. கல்லூரியில் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கு. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். சமவெளிக்காரர்கள் மூச்சைப் பற்றியே கவலைப்படுவார்கள். சாயங்காலம் இறங்கும்போது முழங்கால்தான் முதலில் கைவிடும்.

3. அனுமதி கேட்டுவிட்டுப் போ. அது காப்புக்காடு. சாலையோரத்துப் பெரியார் நீர்வீழ்ச்சிக்கு வண்டியிலேயே போய் இறங்கலாம். மேகம் அருவி மாதிரி காட்டுக்குள் நடந்து போகவேண்டிய இடங்களுக்கு, வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் கிளம்பக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்பது உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ சின்னப் பெண். காய்ந்த புல்லில் பிடித்த காட்டுத்தீக்குள் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எல்லாரும் உன் மாதிரி ஆசையோடு போன பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை ஒழுங்குசெய்து, பதிவுசெய்கிறவர்களைப் பயிற்சிபெற்ற வழிகாட்டிகளோடு அனுப்பத் தொடங்கியது. வனக்காவலர் ‘இன்றைக்கு இல்லை’ என்றால் வாதாடாதே. தெரிந்தவர் பெயரைச் சொல்லி உள்ளே போகப் பார்க்காதே. அந்த ‘இல்லை’க்குப் பின்னால் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை இருக்கிறது.

4. கோடையில் போகாதே. அருவியில் தண்ணீர் இருக்காது, காட்டில் நெருப்பு இருக்கும். அடைமழையிலும் போகாதே. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மலைக்கு ஆடி, ஆவணியிலேயே தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு கிடைக்கும். மழை ஓய்ந்த மார்கழியும் தையும்தான் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது. ஓடைகள் தெளிந்திருக்கும், வெயில் உறைக்காது. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தை மட்டும் தவிர்த்துவிடு.

5. வழிகாட்டியாக வருகிறவரை ‘அண்ணே’ என்றோ ‘ஐயா’ என்றோ கூப்பிடு. ‘ஏம்பா’ வேண்டாம். மலையில் இருப்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிற நம் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியது. அந்த மலையில் ஜாகீர்தார்களின் பிடி விலகியது 1976-ல்தான். அதுவரை அவர்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள், வரியும் கட்டினார்கள். இன்றைக்கு உன் முன்னால் நடக்கிற அந்தப் பெரியவர் அதையெல்லாம் பார்த்தவராக இருக்கக்கூடும். கேட்டால் சொல்வார், ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். போனதும் கேமராவை நீட்டாதே. அவர் வீட்டுத் திண்ணையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தால் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போ. சாமை, புளி, கடுக்காய் என்று ஏதாவது விற்றால் பேரம் பேசாமல் வாங்கு. அந்தப் பத்து ரூபாய் உனக்குப் பெரிதில்லை. பாதையோரத்தில் மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தால் அதன் மேல் உட்காராதே, பையை வைக்காதே. நமக்கு நடராசர் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

6. கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவர் யார் என்று முதல் அரைமணியில் தெரிந்துவிடும். அவர் வேகம்தான் அன்றைக்கு எல்லாருடைய வேகமும். அவரைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்து காத்திருப்பது உதவி ஆகாது. அவர் வந்து சேரும்போது நீங்கள் இளைப்பாறி எழுந்திருப்பீர்கள், அவருக்கு உட்கார நேரமே இருக்காது. அவர் பக்கத்திலேயே நட. பேச்சுக் கொடுக்காமல் நட, மூச்சு மிச்சமாகும். ‘அவ்வளவுதான், கிட்ட வந்துட்டோம்’ என்று பொய் சொல்லாதே. களைத்தவருக்குப் பொய் நம்பிக்கை கொடுத்தால் இரண்டு மடங்கு களைத்துப்போவார்.

7. வானம் தெளிவாக இருக்கிறது என்று அருவியை நம்பாதே. இதைத்தான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்கிறேன். நம் வெள்ளாற்றில் வெள்ளம் வந்தால் முதல்நாளே தெரியும். ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், கரையோரத்து மக்கள் மேட்டுக்குப் போவார்கள், தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். மலை ஓடைக்கு அந்த நிதானம் கிடையாது. சரிவு செங்குத்து, நீர்ப்பிடிப்பு சின்னது. உச்சியில் அரைமணி நேரம் கொட்டினால் கீழே நிமிஷங்களில் வந்துவிடும். நீ நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இப்படித்தான் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான்.

நம் மலையிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2021 அக்டோபர் கடைசியில், கல்வராயன் அடிவாரத்து ஆனைவாரி முட்டல் அருவியில் வெள்ளம் ஏறி, ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையோரத்தில் சிக்கிக்கொண்டார்கள். காலுக்குக் கீழே கலங்கல் தண்ணீர் இரைந்து ஓடியது. மேலே இருந்தவர்கள் கயிற்றை விட்டு, குழந்தையையும் தாயையும் ஏற்றினார்கள். உதவப் போன இருவர் தண்ணீரில் விழுந்து, நீந்திக் கரையேறினார்கள். அந்தக் காணொளியை ஊரே பார்த்தது, முதலமைச்சர் பாராட்டினார். நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த இளைஞர்களின் துணிச்சலுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் உனக்காக யாரும் அப்படி உயிரைப் பணயம் வைக்கும்படி நீ வைத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். நனையாமல் இருந்த ஒரு கல் நனையத் தொடங்கும். சத்தம் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் செருப்பையும் பையையும் போனையும் விட்டுவிட்டு, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறு. ஓடையோடு கீழ்நோக்கி ஓடாதே. தண்ணீர் உன்னை விட வேகமாக ஓடும்.

8. நீச்சல் தெரியும் என்று மடுவில் இறங்காதே. நீ நம் உப்பங்கழியில் நீந்திப் பழகியவள், சாமியார்பேட்டைக் கடலில் அலை தாண்டியவள். அதுதான் எனக்குப் பயம். உப்புத்தண்ணீர் கனமானது, உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். மலைத்தண்ணீர் நல்ல தண்ணீர், அவ்வளவு தூக்காது. அருவி விழும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொங்குகிறதே, அதில் பாதி காற்று. அது இன்னும் தூக்காது. கையை எவ்வளவு அடித்தாலும் பிடி கிடைக்காது. மேலிருந்து விழும் தண்ணீர் கீழே அழுத்தி, சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி அருவிக்கு அடியிலேயே தள்ளும்.

ஒரு வருஷம் எங்களோடு மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் வந்தான். தோணியிலேயே வளர்ந்தவன். மடுவைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிட்டான். வழிகாட்டி அவனைத் திட்டவில்லை. கை நீளத்துக்கு ஒரு காய்ந்த கட்டையை எடுத்து அருவிக்குக் கீழே வீசினார். கட்டை உள்ளே போனது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நெடுநேரம் கழித்து ஓரத்தில் தலைகாட்டியது, மெல்லச் சுற்றியது, மறுபடி அருவியை நோக்கியே போய் உள்ளே மறைந்தது. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். பிறகு தண்ணீர் சலசலத்து ஓடுகிற முழங்கால் ஆழத்தில் போய்க் குளித்தான். அவன் கெட்டிக்காரன். கடலை அறிந்தவனாக இருந்ததால்தான், தண்ணீர் சொன்னது அவனுக்கு உடனே புரிந்தது.

போன வருஷம் குதித்தோம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. ஒவ்வொரு வெள்ளத்திலும் பாறைகள் உருண்டு இடம் மாறும். போன வருஷத்து ஆழத்தில் இந்த வருஷம் கல் இருக்கும்.

9. கறுத்துப் பளபளக்கிற பாறையில் கால் வைக்காதே, அது பாசி. சொரசொரப்பாக வெளுத்துக் கிடக்கும் பாறையில் வை. கைகள் இரண்டும் எப்போதும் சும்மா இருக்கட்டும். போனைப் பிடித்த கை பாறையைப் பிடிக்காது.

10. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதே. செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு வைத்திருக்கும். வாசனை, புகை, கூச்சல் மூன்றும் அதற்கு ஆகாது. பாட்டுப்பெட்டி வேண்டவே வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் போடாதே. இன்றைக்கு நீ போடுகிற பிஸ்கட், நாளைக்கு வருகிற குழந்தையின் கையைக் கிழிக்கும். பாம்பைப் பார்த்தால் நின்றுவிடு, அது போய்விடும். வயல்வெளியில் வளர்ந்த உனக்கு இது புதிதில்லை. மீறிக் கடித்துவிட்டால் கீறாதே, கட்டுப்போடாதே, நாட்டுமருந்து தேடி அலையாதே. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.

11. தண்ணீரில் சோப்பும் ஷாம்பூவும் படக்கூடாது. அந்த ஓடையில்தான் கீழ் ஊர்க்காரர்கள் குடம் வைக்கிறார்கள். அதற்கும் கீழே நாம் இருக்கிறோம். கட்டுச்சோற்றை வாழை இலையில் கட்டிக்கொண்டு போ. புளிசாதமும் வடகமும் போதும், கெடாது. பாட்டில்களைப் போனபடியே திருப்பிக் கொண்டுவா. மற்றவர்கள் போட்டுவிட்டுப் போனதையும் பையில் இடமிருக்கும் வரை எடுத்துவா. உடைந்த மதுபாட்டில் கண்ணாடியைப் பாறை இடுக்கில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். வெறுங்காலோடு அந்த வழியில் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணை நினைத்துக்கொள்வேன். உன் கூட்டத்தில் யாராவது பாட்டில் கொண்டுவந்தால் அவர்களோடு போகாதே. நட்பு முறிந்தாலும் பரவாயில்லை.

12. திரும்பத் தெரிந்துகொள். ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு போயிருந்தோம். அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. கடைசி ஓடையைக் கடக்க வேண்டும். வழிகாட்டி தண்ணீரில் இறங்கி, கணுக்கால் நனைய ஒரு நிமிஷம் நின்றார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். ‘இன்னிக்கு வேணாம் சார்’ என்றார். எங்கள் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிள்ளைகளில் சிலர் அழுதார்கள். எத்தனையோ நாள் காசு சேர்த்து வந்தவர்கள். அங்கேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம், அருவியைக் காதால் கேட்டோம், இறங்கிவிட்டோம்.

அன்றைக்கு வெள்ளம் வரவில்லை கண்ணு. அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வந்திருந்தால்தான் நாங்கள் திரும்பியது சரி என்று நினைத்துவிடாதே. எதுவும் நடக்காத நாளில் திரும்பியதும் சரிதான். இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. ‘நாம போயிருக்கலாமே சார்’ என்று பஸ்ஸில் ஒரு பெண் கேட்டுக்கொண்டே வந்தாள். போயிருக்கலாம்தான். ஆனால் நம்மை விட அந்த ஓடையை அறிந்த ஒருவர் வேண்டாம் என்றார். அவர் பேச்சைக் கேட்டோம், அது போதும். பிற்பாடு அவள் டாக்டருக்குப் படித்தாள். அந்த நாளைத்தான் இன்றும் பேசுகிறாள். அருவியைப் பார்த்த வருஷங்களைப் பற்றி யாரும் அவ்வளவு பேசுவதில்லை.

13. போய்ச் சேர்ந்ததும் உடனே படம் எடுக்க ஓடாதே. பத்து நிமிஷம் உட்கார். மேலே தண்ணீர் விழும் விளிம்பைப் பார், பிறகு அது பிரிந்து பாறையில் சிதறும் இடத்தைப் பார், பிறகு மடுவிலிருந்து வழிந்து ஓடையாகக் கிளம்பும் இடத்தைப் பார். அங்கே ஒரு சருகை விடு. பாலங்களையும் அணைகளையும் தாண்டி அது நம் ஊருக்கு வந்து சேராது. ஆனால் தண்ணீர் வரும்.

14. மதியம் ஒரு மணிக்கு மேல் அருவியில் இருக்காதே. நம் ஊரில் சூரியன் அடிவானம் வரை இறங்கித்தான் மறையும். மலையில் முகட்டுக்குப் பின்னால் முன்கூட்டியே போய்விடும், மரத்தடியில் நாலு மணிக்கே மங்கிவிடும். காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்குத்தான் மதியம் நிதானமாக இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பும் சர்க்கரையும், ஒரு டார்ச், ஒரு விசில், காயத்துக்குத் துணி, இவ்வளவும் பையில் இருக்கட்டும். மலைக்குள் பல இடங்களில் போன் எடுக்காது. எந்த அருவிக்கு, எந்த வழியில், யாரோடு என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போ.

15. பைக்கில் போகிறோம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்களோடு, கண் சொருகச் சொருக, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அதற்குப் பிறகு நம் ஊர் வரை இருட்டில் ஓட்டி வருவது அருவியை விட ஆபத்து. பஸ்ஸில் போ. இல்லையென்றால் சின்னசேலம் வரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி பிடி. இறங்கியதும் வழிகாட்டிக்குப் பேசிய கூலியைக் கையில் கொடு, கூட ஏதாவது சேர்த்தே கொடு, அவர் வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பு. விருத்தாசலத்தில் பஸ் மாறும்போது எனக்கு ஒரு போன் போடு. எவ்வளவு நேரமானாலும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து நிற்கிறேன். பெரியம்மா சுடுதண்ணீர் வைத்திருப்பாள்.